பின்னால் எறிந்த பந்து

என் மாமாவுக்கு உலகத்தில் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான். இரண்டு கம்பங்களுக்கு நடுவில் நிற்பவனுக்கு எப்படி நிற்பது என்று சொல்லிக் கொடுப்பது. பந்தை உதைக்கச் சொல்லித் தர மாட்டார். ஓடச் சொல்லித் தர மாட்டார். மற்ற பத்துப் பேர் எக்கேடு கெட்டாலும் அவருக்குக் கவலை இல்லை. கோல் காப்பவனைப் பிரெஞ்சில் கர்தியான் என்பார்கள். அந்தச் சொல்லை உச்சரிக்கும்போது மட்டும் மாமாவின் குரல் தணிந்து பயபக்தியோடு வரும்.

பாகூரில் பிரெஞ்சுக்காரர் ஆட்சி நடந்த காலம் அது. எனக்குப் பதினோரு வயது. மாமா என் அம்மாவின் தம்பி. பதினெட்டு வயதில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்குக் கப்பல் ஏறியவர். அப்படிப் போனவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்போம். மற்ற சொல்தாக்கள் ஊர் திரும்பும்போது கைக்கடிகாரம் கொண்டுவந்தார்கள், பட்டுத் துணி கொண்டுவந்தார்கள். மாமா ஒரு தோல் பந்தும் கோணிப்போன இரண்டு விரல்களும் கொண்டுவந்தார். பட்டாளத்து அணிக்குக் கர்தியானாக நின்றபோது ஒடிந்த விரல்கள். யாராவது கேட்டால் ஒடிந்த கதையைச் சொல்ல மாட்டார். அந்தப் பந்து கோலுக்குள் போகவில்லை என்பதை மட்டும் சொல்வார்.

வந்த கையோடு ஊர் நிர்வாகமான கொம்யூன் நடத்திய பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியரிடம் போய் அனுமதி வாங்கி, மூங்கில் கம்பம் இரண்டு நட்டு, ஆறு பையன்களைச் சேர்த்துக்கொண்டு பாடம் தொடங்கிவிட்டார். அப்பாவுக்கு இது வயிற்றெரிச்சல். எங்களுக்கு நெல் கொஞ்சம், கரும்பு கொஞ்சம். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் போதாமல் அப்பா திண்டாடிக்கொண்டிருக்க, வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும் மச்சான் பந்தோடு போனால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"பதினோரு பேருல சும்மா நிக்கிறவன் அவன் ஒருத்தந்தான். சும்மா நிக்கிறதுக்கு ஒரு வாத்தியாரு. அவருக்கு ஆறு சீடப்புள்ளைங்க!" என்பார் அப்பா.

அந்த ஆறு பேரில் நான் இல்லை. அக்காள் மகன் என்ற சலுகையெல்லாம் மாமாவிடம் செல்லாது. நான் ஒல்லி, குள்ளம், அழுமூஞ்சி. மூன்றையும் என் முகத்துக்கு நேரே சொல்லித்தான் ஒதுக்கினார். எனக்கு அது பெரிய அவமானம். அந்தக் கோபத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

பிறகு ஆனி மாத நடவு வந்தது. எங்கள் மேலண்டைக் கழனி அகலம். வரப்பில் நின்று வீசினால் நாற்று முடி, அதாவது நாற்றுக் கட்டு, நடுவயலுக்கு எட்டாது. அதனால் சேற்றில் பாதித் தூரத்தில் ஒருவன் நிற்க வேண்டும். அப்பா வரப்பிலிருந்து முடியை வீசுவார். நடுவில் நிற்பவன் அதைப் பிடித்து வைத்திருப்பான். அவனுக்குப் பின்னால் அம்மாவும் மற்றப் பெண்களும் குனிந்து நட்டுக்கொண்டிருப்பார்கள். கையில் இருக்கும் நாற்று தீர்ந்தால் அம்மா ஒரு குலவை இடுவாள். குலவை கேட்டதும் நடுவில் நிற்பவன் முடியைத் தோளுக்கு மேலாகப் பின்பக்கம் எறிய வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பினால் அப்பா வீசும் அடுத்த முடி பிடரியில் விழும். குலவை இடுவதும் பார்க்காமல் எறிவதும் எங்கள் கழனியில் மட்டும் இருந்த வழக்கம். அந்த நடுவேலை எட்டு வயதிலிருந்து என்னுடையது.

மாமா அன்று அப்பாவுக்குச் சோறு கொண்டுவந்தவர். தூக்கை வரப்பில் வைத்துவிட்டு நின்றார். நான் முடி பிடிப்பதைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அப்பாவைச் சாப்பிட உட்காரச் சொல்லிவிட்டு, தானே ஒரு முடியை எடுத்து வீசினார். அப்பா வீசுவதுபோல் அல்ல. தாழ்வாக, இடப்பக்கம், விசையாக. நான் சேற்றில் விழுந்து பிடித்தேன். அடுத்தது வலப்பக்கம். அதையும் பிடித்தேன். ஈர நாற்று வழுக்கும். வேரில் அப்பிய சேறு கண்ணில் தெறிக்கும். மூன்று வருஷம் அதோடு மல்லுக்கட்டியவனுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே அல்ல. பத்து முடி வீசினார். பத்தையும் பிடித்தேன்.

"யோவ் மச்சான், நாத்த அடிச்சே கொல்லப் போறியா?" என்று அப்பா வாயில் சோற்றோடு கத்தினார்.

மாமா காதில் வாங்கவில்லை. பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. மறுநாளே ஆறு பேர் ஏழு பேர் ஆனோம். ஒரு வாரத்தில் மற்ற ஆறு பேருக்கும் நான் முன்னால் நின்றேன். கர்வம் தலைக்கேறி அம்மாவிடம்கூட மரியாதை இல்லாமல் பேசி, ஒரு அறை வாங்கியது தனிக் கதை.

ஜூலை பதினாலாம் தேதி பிரெஞ்சுக்காரர்களுக்குப் பெரிய பண்டிகை. அந்த வருஷம் பண்டிகைக்குப் பட்டணத்துக் கொலேழிலிருந்து, அதாவது புதுச்சேரியின் பெரிய பள்ளிக்கூடத்திலிருந்து, சின்ன வகுப்புப் பையன்கள் பாகூருக்கு வந்து எங்கள் பள்ளிக்கூடத்தோடு ஆடுவதாக ஏற்பாடு. செய்தி கேட்ட அன்று அப்பா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

"நல்லதாப் போச்சு. பட்டணத்துப் புள்ளைங்கள ஜெயிச்சிட்டா நீ வாத்தியாருன்னு நானே ஒத்துக்கறன். தோத்தா, அந்தப் பந்து என் வூட்டுப் படி ஏறக் கூடாது. மறுநாளே நீ கரும்புத் தோட்டத்துல நிக்கணும். இன்னா சொல்ற?"

மாமா என்னைப் பார்த்தார். அப்புறம் அப்பாவைப் பார்த்தார்.

"சரி" என்றார்.

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கரும்பில் காய்ந்த இலையான சோலையைக் கிழிப்பதும் பாத்தி கட்டுவதும் கேவலம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் மாமாவை அங்கே நிறுத்திப் பார்க்க மனம் வரவில்லை. பந்தைக் கையில் எடுக்காத நாளில் அவர் பேசவே மாட்டார், சாப்பிட மாட்டார். அவரிடமிருந்து அதைப் பறித்தால் என்ன மிஞ்சும் என்று நினைத்து நான் அழுதேன். அழுமூஞ்சி என்று அவர் சொன்னது பொய் இல்லை.

பண்டிகை நாள் ஏரிக்கரைக்குக் கீழே மேய்ச்சல் திடலில் ஆட்டம். கம்பங்களில் கட்டுவதற்குக் கடலோரத்துக் குப்பத்திலிருந்து பழைய மீன் வலை வாங்கி வந்திருந்தார்கள். கருவாட்டு வாசனை திடல் முழுக்க வீசியது. மூன்று நிறக் கொடி, வாழைமரம், மேளம் எல்லாம் உண்டு. பட்டணத்துப் பையன்கள் காலில் பூட்ஸ் போட்டிருந்தார்கள். எங்களில் யாருக்கும் கிடையாது. அவர்களோடு அவர்களுடைய தேகப்பயிற்சி ஆசிரியர் வந்திருந்தார். வெள்ளைக்காரர், சிவந்த கழுத்து, பெரிய தொப்பி. அப்பா மாட்டுவண்டியைத் திடலோரம் நிறுத்தி, நுகத்தடியில் சாய்ந்து கைகட்டி நின்றார். அம்மாவும் நடவுப் பெண்களும் எனக்குத் துணையாக இருக்கட்டும் என்று நான் நின்ற கோலுக்குப் பின்னாலேயே, வலையை ஒட்டிக் குந்திக்கொண்டார்கள். யாருக்கும் அதில் தவறு தெரியவில்லை. மாமாவுக்கே தெரியவில்லை.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பட்டணத்து நெட்டைப் பையன் ஒருவன் ஓங்கி உதைத்தான். பந்து இடப்பக்கம் தாழ்வாக வந்தது. நான் பாய்ந்து, விழுந்து, பிடித்துவிட்டேன். திடலே ஓவென்று கத்தியது. பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தேன். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் குலவை இட்டாள். மற்றப் பெண்களும் சேர்ந்து இட்டார்கள்.

நான் பந்தைத் தோளுக்கு மேலாகப் பின்பக்கம் எறிந்தேன்.

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த முடிக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். எதிரில் பட்டணத்துப் பையன்கள் வாயைப் பிளந்து நிற்பதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பின்னால் வலையில் பந்து மீன்போலத் துள்ளி அடங்கியது. நடுவர் ஊதினார். பட்டணத்துக்கு ஒரு கோல்.

அப்புறம் எழுந்த சிரிப்பு இருக்கிறதே, அது இன்றைக்கும் என் காதை விட்டுப் போகவில்லை. மடுகரையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்களெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தொப்பிக்காரத் துரையும் சிரித்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விட்டாள். அப்பா மெதுவாக வண்டிக்குப் பின்னால் போய் மாடுகளை அவிழ்த்து நுகத்தில் பூட்ட ஆரம்பித்தார். வீட்டுக்குக் கிளம்புகிறார் என்று புரிந்தது.

ஓடிவிடத்தான் நினைத்தேன். ஏரிக்கரை ஏறினால் மறுபக்கம் யாரும் இல்லை. ஆனால் பின்னால் வலை. வலைக்குப் பின்னால் பெண்கள் கூட்டம். வலப்பக்கம் அப்பா. இடப்பக்கம் மேளக்காரர்கள். முன்னால் பட்டணத்து அணி. எந்தப் பக்கமும் வழி இல்லாததால் நின்றேன். அதில் வீரம் எதுவும் இல்லை என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது. பாதி ஆட்டம் முடியும்வரை கண்ணீரோடு நின்று, வந்ததையெல்லாம் பிடித்துக் காலடியில் வைத்து, நடுங்கி நடுங்கி உதைத்தேன். அம்மா அதன்பின் மூச்சுவிடவில்லை.

இடைவேளையில் மாமா வந்தார். அடிப்பார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் எதிரில் குந்தினார்.

"ஒனக்குப் பின்னால எறியத்தான் வருது. இல்ல?"

நான் விசும்பினேன்.

"மூணு வருஷமா வர்றத அரை நாளியில மறக்க முடியாது. மறக்க வேணாம். இனிமே திரும்பி நின்னு எறி."

எனக்கு விளங்கவில்லை. மாமா கையை நீட்டிக் காட்டினார். இடைவேளைக்குப் பிறகு அணிகள் கோல் மாற்றிக்கொள்ளும். நான் அந்தக் கோடிக்குப் போவேன். பட்டணத்துக் கர்தியான் நான் நின்ற இடத்துக்கு வருவான். அம்மாவும் பெண்களும் என்னோடு அந்தக் கோடிக்கு வருவதற்காகப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். மாமா அவர்களிடம் ஓடினார்.

"அக்கா, எழுந்திரிக்காத. எல்லாரும் அங்கியே குந்துங்க."

"புள்ள தனியா நிக்குமே தம்பி."

"நிக்கட்டும். அவன் பந்தப் புடிச்சதும் ஆகாசமே கிழியிற மாதிரி குலவை போடுங்க. அது போதும்."

பிறகு என்னிடம் திரும்பி வந்தார். "குலவை எங்க கேக்குதோ அந்தப் பக்கம் முதுகக் காட்டு. அப்பறம் எறி. கழனியில எறியிற மாதிரியே எறி" என்றார்.

இரண்டாம் பாதி தொடங்கியது. பட்டணத்துப் பையன்களுக்கு என்னைப் பார்த்தாலே சிரிப்பு. எல்லாரும் என் கோல் பக்கமே கூடிவிட்டார்கள். ஒருவன் உதைத்தான். பிடித்தேன். திடலின் எதிர்க்கோடியில் அம்மா குலவை எழுப்பினாள். நான் திடலுக்கு முதுகைக் காட்டி, என் வலையைப் பார்த்து நின்றேன். மறுபடியும் தன் கோலுக்குள்ளேயே போடப் போகிறான் என்று ஒரு சிரிப்பு கிளம்பியது. நான் உடம்பை வில்லாக வளைத்து, பலம் கொண்டமட்டும், தோளுக்கு மேலாகப் பின்பக்கம் எறிந்தேன்.

சிரிப்பு பாதியில் நின்றது. திரும்பிப் பார்த்தேன். பந்து எல்லாத் தலைகளுக்கும் மேலே போய், நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம், எங்கள் பையன் ஒருவன் காலடியில் விழுந்திருந்தது. அவனுக்கு எதிரே கர்தியானைத் தவிர பட்டணத்து ஆள் ஒருவன்கூட இல்லை. அவன் ஓடினான். கோல்!

மாடு பூட்டிக்கொண்டிருந்த அப்பா கையில் கயிற்றோடு அப்படியே நின்றார்.

இரண்டாவது கோலும் அதே வழியில் வந்தது. நான் பிடித்தேன், குலவை எழுந்தது, முதுகைக் காட்டினேன், எறிந்தேன், எவனோ ஓடி அடித்தான். இந்த முறை அம்மா மட்டுமல்ல, திடலில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் குலவை இட்டார்கள். மேளக்காரர்கள் தாமாகவே அடிக்கத் தொடங்கினார்கள். அப்பா மாடுகளை மறுபடி அவிழ்த்துக் கட்டிவிட்டு, வண்டிமேல் ஏறி நின்று, "எறிடா! எறிடா அந்த முடிய!" என்று கத்திக்கொண்டிருந்தார். அவர் அன்று கத்தியதைப்போல் பிறகு என் கல்யாணத்தில்கூட வாயைத் திறக்கவில்லை.

அப்போதுதான் நான் ஒன்றைப் பார்த்தேன். மாமா என் பக்கம் இல்லை. எதிர்க்கோடியில், பட்டணத்துக் கர்தியானுடைய கம்பத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். அந்தப் பையன் என் வயதுதான் இருப்பான். இரண்டு கோல் வாங்கிவிட்டு, கம்பத்தில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தான். மாமா அவனிடம் ஏதோ பேசினார். கோணல் விரலால் என்னைச் சுட்டிக் காட்டினார். பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவ்வளவு தூரத்திலிருந்து என்னையே பார்த்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாதி ஆட்டத்தில் போய் எதிராளிக்கா யோசனை சொல்வது? கரும்புத் தோட்டம் மறந்துவிட்டதா? பிறகு, சுட்டிய விரலை நினைத்துச் சமாதானம் ஆனேன். என் திறமையைக் காட்டி, இவனைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று சொல்லியிருப்பார். அதற்குமேல் என்ன சொல்ல முடியும்?

எங்கள் பையன் மூன்றாவதாக அடித்த பந்து நிச்சயமாக உள்ளே போக வேண்டியது. அந்த அழுத பையன் உடம்பை முழுசாக வீசி, விரல் நுனியால் தட்டிவிட்டான். எங்கள் ஊர்க்காரர்களே கை தட்டினார்கள். உடனே பந்து என்னிடம் வந்தது. நெட்டையன் கடைசியாக ஓங்கி உதைத்ததை நெஞ்சில் வாங்கிக்கொண்டு, இந்தத் தடவை எங்கேயும் எறியாமல், அதன்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன். நடுவர் ஊதினார். இரண்டுக்கு ஒன்று. ஜெயித்துவிட்டோம்!

தூக்கியது மாமாதான். தோளில் உட்காரவைத்துத் திடலைச் சுற்றினார். முன்னால் மேளம், பின்னால் நடவுப் பெண்கள். ராஜாபோல் கையை ஆட்டினேன். கீழே குனிந்து, "அவங்கிட்ட இன்னா மாமா சொன்ன?" என்று கேட்டேன். "பந்தப் பாத்து நில்லுன்னேன்" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தொப்பிக்காரத் துரை எங்களிடம் வந்தார். என்னைத் தட்டிக்கொடுப்பார் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. தன் கர்தியானைக் காட்டி, மாமாவிடம் பிரெஞ்சில் ஏதேதோ கேட்டார். மாமா பட்டாளத்துப் பிரெஞ்சில் பதில் சொன்னார். கடைசியில் இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

"கொலேழுக்கு வரச் சொல்றாரு. வாரத்துல மூணு நாளு. கர்தியான் பசங்களுக்கு மட்டும்" என்றார் மாமா, அப்பாவிடம்.

"சும்மா நிக்கிற பசங்களுக்கா?" என்றார் அப்பா.

"ஆமா."

அப்பா குனிந்தார். அந்தத் தோல் பந்தைக் கீழேயிருந்து எடுத்து, ஒட்டியிருந்த மண்ணைத் தன் வேட்டியால் துடைத்தார். வீடு வரும்வரை அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வண்டி ஓட்டினார்.

மாமா அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்குமேல் அந்த வேலை பார்த்தார். கொலேழில், பிறகு பல பள்ளிக்கூடங்களில், பிரெஞ்சுக் கொடி இறங்கிய பின்னும். அவரிடம் கற்றவர்கள் இல்லாத கோல் கம்பமே எங்கள் பக்கத்தில் கிடையாது என்று ஆயிற்று. அந்த வேலை என்னால்தான் கிடைத்தது என்று நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நான் எறிந்த எறியைப் பார்த்துத்தான் துரை மயங்கினார் என்று என் பிள்ளைகளுக்கும் சொல்லிவைத்திருந்தேன்.

மாமா காலமாகிச் சில வருஷம் கழித்து, வில்லியனூரில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் என் ஊரைக் கேட்டார். சொன்னேன். மாமாவின் பெயரைச் சொல்லித் தெரியுமா என்றார். என் தாய்மாமன் என்றேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே உற்றுப் பார்த்தார். அன்று கம்பத்தில் முகம் புதைத்து அழுத பையன் அவர்தான். பிறகு கொலேழில் மாமாவிடமே கற்று, பெரிய கர்தியானாகப் பேர் எடுத்து, அவரும் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவராக ஆகியிருந்தார்.

அன்றைக்கு மாமா என்ன சொன்னார் என்று அவரிடம் கேட்டேன். ஒரு வார்த்தை தப்பாமல் சொன்னார்.

"அதோ நிக்கிறான் பாரு, அவன் என் அக்கா மவன். இத்தினி ஜனத்துக்கு எதிர்ல தன் கோலுக்குள்ள தானே பந்தப் போட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. அவன் ஓடிப் போவல. இன்னும் அங்கதான் நிக்கிறான். நீயும் நில்லு."

முப்பது வருஷமும், கோல் வாங்கிவிட்டு அழுத ஒவ்வொரு பையனிடமும் மாமா இதையே சொன்னாராம். நான் பிடித்த பந்துகளைப் பற்றியோ, முதுகைக் காட்டி எறிந்ததைப் பற்றியோ ஒரு வார்த்தைகூட யாரிடமும் சொன்னதில்லையாம். துரை அன்று கேட்டதும் அந்த ஒரு பேச்சைப் பற்றித்தானாம். "நீங்க ஓடாம நின்னீங்களே, அத நெனச்சிதான் நாங்க எல்லாரும் நின்னோம்" என்றார் அவர், கை கழுவப் போகும்போது. ஓடுவதற்கு வழி இல்லாமல்தான் நின்றேன் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

மாமாவின் தோளில் உட்கார்ந்து கையை ஆட்டிக்கொண்டு போன பையனிடம் அன்று யாராவது கேட்டிருந்தால், இரண்டு கோலுக்காகத் தூக்குகிறார் என்று சொல்லியிருப்பான்.